ஒப்பீட்டுக் குழு

மூன்று லிட்டர் ஊசிக்குழலால்
இயந்திரத்துக்கு முதலில் காற்று ஊட்டவேண்டும்.
கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்கும்.
இரண்டாயிரத்துச் சொச்சம் மீட்டர்.
சொன்ன பிறகுதான் மனிதர்களை அளக்கச் சம்மதிக்கும்.

கேத்திப் பள்ளத்தாக்கு,
கேரட் கழுவும் கொட்டகைக்குப் பின்னால்
சங்கம் இரவல் தந்த அறை.
மேசைக்கு ஒரு கால் குட்டை.
பூச்சிமருந்து விலைப்பட்டியலை எட்டாக மடித்து
அடியில் கொடுத்திருக்கிறேன்.

குழாயை இறுக்கிக் கவ்வுங்க.
மூக்குக்குக் கிளிப்.
நெஞ்சு நிறைய இழுங்க.
இப்ப ஊதுங்க ஊதுங்க ஊதுங்க
விடாதீங்க, உள்ள இருக்கு, இன்னும் இருக்கு

ஆறு விநாடி.
ஒரு மூச்சைப் பார்த்து இவ்வளவு கத்த
எவருக்கும் உரிமையில்லை; எனக்குச் சம்பளம்.
இங்கே என் பெயர் ‘ஊதுங்க டீச்சர்’.

பரமசோதி, நாற்பத்தொன்று.
மண்டபம் முகாமில் பிறந்தவர்.
பதினெட்டு வருடமாக முதுகில் பதினாறு லிட்டர் டேங்க்.
என்ன மருந்து தெளிப்பீர்கள்?
ஆறாம் பக்கத்துக் கேள்வி.
“வெள்ளை மருந்து. நாத்த மருந்து. மஞ்ச டப்பா.”
என் பட்டியலில் இந்தப் பெயர்கள் இல்லை.
மறுநாள் மஞ்சள் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்தார்.
மகள் அதில் சாமந்தி வைத்திருந்தாளாம்;
அடியில் ஒரு வேர் இன்னும் ஒட்டியிருந்தது.

எழுபத்தொரு சதவீதம் என்றேன்.
“எதுல?”
உங்கள் வயது, உங்கள் உயரம் உள்ள ஒருவர்
ஊதவேண்டிய அளவில்.
கொஞ்ச நேரம் கிளிப்பை விரலில் மாட்டிக் கழற்றினார்.
“அந்த ஆளு யாரு? எந்தத் தோட்டம்?”

நஞ்சியம்மாவுக்குக் கிளிப் போட்டாலே சிரிப்பு.
மூன்று முறையும் இயந்திரம் தள்ளிவிட்டது.
குறிப்பு என்ற கட்டத்தில் ‘சிரிப்பு’ என்று எழுதினேன்.
கோயம்புத்தூரிலிருந்து பேராசிரியர் போன்:
அது என்ன குறியீடு?
இருபத்தாறு வருடம், தெளித்த மறுநாள் களையெடுப்பவர்,
அறுபது வயதில் சிரிக்கிறார், சார்.
அதை வேறெந்தக் கட்டத்தில் போட?

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்:
“நஞ்சுண்ட சாமி பேருதான் எனக்கு.
அவருக்குத் தொண்டையோட நின்னுச்சு.
எனக்கு எங்க நின்னிருக்கு, பாத்துச் சொல்லு.”
அன்று சாயங்காலம்வரை யாரையும் கத்தவில்லை நான்.

இனி மருந்தை மூச்சில் வாங்காத அறுபது பேர் வேண்டும்.
அதே வயது, அதே உயரம், அதே மலை.
பீடி கூடாது, விறகடுப்பும் கூடாது.

பள்ளிக்கூட மைதானம் உருளைக்கிழங்குக் காட்டுக்கு நேர் கீழே.
தபால்காரர் வரப்பு வழி வருகிறவர்.
வங்கிக் காசாளர் நல்ல உயரம்; ஜன்னலோரம் இருக்கை.
ரயில்வே ஊழியர் தகேஷ்வரனிடம் வாடை வருமா என்று கேட்டேன்.
“வந்தாத்தான் நிம்மதி. காத்து இல்ல, மழை இல்ல,
எட்டு மணிக்கு வெயில் வந்துரும்னு அர்த்தம்.”
ஒன்பதாம் கட்டத்தில் டிக் போட்டு அவரையும் நீக்கினேன்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் எடுங்கள் என்றார் பேராசிரியர்.
அங்கே தேயிலை. அங்கேயும் டேங்க், அங்கேயும் முதுகு.
சமவெளியில் எடுக்கலாம்;
உயரம் மாறும், புகையின் சாதி மாறும்.

விடியலில் பனி இறங்கும்போது
எது பனி, எது தெளிப்பு, சொல்ல முடிவதில்லை.
இரண்டும் கம்பிவேலியில் ஒரே மாதிரி முத்தாகின்றன.

நேற்றிரவு அறையைப் பூட்டிக்கொண்டு
நானே குழாயைக் கவ்வினேன்.
வந்து மூன்று போகம் ஆகிறது.
ஊது ஊது ஊது என்று கத்த ஆளில்லை;
மனசுக்குள் கத்திக்கொண்டே ஊதினேன்.
நான்காம் விநாடியில் இருமல்.
அந்தக் கோடு அச்சில் சின்னதாய்ப் பல் உடைந்திருந்தது.

பெயர் எழுதினேன். வயது. உயரம்.
குழு என்ற இடத்தில் பேனாவை வைத்து
காலைவரை எடுக்கவில்லை.

மேலே எங்கோ மோட்டார் இழுத்துக் கிளப்புகிறார்கள்.
கதவு தட்டும் சத்தம்.
“டீச்சர், இன்னைக்குச் சிரிக்க மாட்டேன், போடு.”